காரில்லா ஞாயிறு

பெங்களூர் காக்ஸ் டவுன் சபையில் கிளெமென்ட் காணிக்கை உறை வாசிப்பது ஒரு தனி ஆராதனை.

நன்றிக் காணிக்கை செலுத்துகிறவர்கள் உறையின் மேல் குடும்பத்தின் பெயரையும் காரணத்தையும் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஆராதனை முடிவதற்கு முன் சபைச் செயலாளர் அவற்றை எடுத்து வாசிப்பார். மற்ற சபைகளில் ஐந்து நிமிட வேலை. கிளெமென்டிடம் அது இருபது நிமிடம். வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால், கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு உறையையும் ஓரத்தில் கிழித்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே எழுதியிருப்பதை வாசிப்பார். ஒருமுறை யாரோ காலி உறையைப் போட்டுப் பெயரை மட்டும் வாசிக்க வைத்துவிட்டார்களாம். அதன் பிறகு இந்த ஏற்பாடு. முழங்கால் வலி நீங்கியதற்காக, கனடா விசா கிடைத்ததற்காக, காணாமல் போன நாய் திரும்பி வந்ததற்காக என்று எல்லாவற்றையும் தானே மேலிடத்தில் பேசி முடித்துக் கொடுத்தவர் போல வாசிப்பார்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று அவர் வாசித்த முதல் உறை அவரும் மனைவி பெட்டியும் போட்டது.

“கிளெமென்ட், பெட்டி குடும்பத்தார். புதிய எலெக்ட்ரிக் வாகனத்திற்காக.” நிறுத்தினார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். “எலெக்ட்ரிக் வாகனத்திற்காக,” என்றார் மறுபடியும்.

அதே மூச்சில் அறிவிப்பும் வந்தது. ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு சுற்றுச்சூழல் ஞாயிறு. “அன்னிக்கு நம்ம சபைக்கு ஒரு கார் வரக்கூடாது. காரில்லா ஞாயிறு. நடந்து வாங்க, பஸ்ல வாங்க. டீசல் வண்டி வச்சிருக்கற குடும்பங்க முன்னால வந்து, அத விட்டுடறோம்னு உறுதிமொழி எடுக்கணும். நம்ம பிள்ளைங்க நுரையீரல நாமளே கறுப்பாக்கலாமா?”

வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ‘சஸ்டெயினபிலிட்டி’ என்ற சொல்லுக்குத் தலைவராக இருக்கிறவர் கிளெமென்ட். மாதம் இரண்டு முறை விமானத்தில் போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வருவார்.

எட்டாவது வரிசையில் டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி குளோரியா குனியவில்லை. கார் அவளுடையது.

பதின்மூன்று வருடத்துக்கு முன், நாற்பத்தொரு வயதில், குளோரியா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தச் சின்ன டீசல் ஹேட்ச்பேக்கில்தான். வாங்கும்போது தக்காளிச் சிவப்பு, இப்போது செங்கல். பள்ளியில் ஃபிசிக்ஸ் ஆசிரியை என்பதால் அதன் ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் சொல்வாள். காலையில் இரண்டாவது கியர் விழ மறுப்பது அவளுக்குக் குறையாகத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் அவசரப்படுத்திப் பேசக்கூடாது என்பாள். டெஸ்மண்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார்களைப் பற்றிப் பேசத் தெரியும். இடதுபக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்தபடி, பதின்மூன்று வருடம் அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

“அசிங்கமா இருக்கு குளோரி,” என்றார் வீட்டுக்கு வரும் வழியில். “நம்மள பார்த்துத்தான் சொன்னாரு.”

“பார்த்தா பார்க்கட்டும். வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிக்காதீங்க.”

“இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல எல்லாரும் மாத்திட்டாங்க. ஜெயராமன் கூட மாத்திட்டான். ஜெயராமனே!”

“அதுக்கு?”

“இமேஜ்னு ஒண்ணு இருக்கில்லமா.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் குளோரியாவுக்கு ஆறிப்போன டீயில் ஏடு உதட்டில் ஒட்டினாற்போல் இருந்தது.

ஆனாலும் சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனாள். போகாவிட்டால் அந்த வாரம் முழுக்க அவர் பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும். கிளெமென்ட் வாங்கிய அதே வைட்ஃபீல்ட் ஷோரூம். ஒன்றே முக்கால் மணி நேர நெரிசலைக் கடந்து உள்ளே நுழைந்தால் மல்லிகையும் ஃபினாயிலும் கலந்த ஒரு வாசனை மூஞ்சியில் அடித்தது. புதுக்கார் வாசனையாம், பாட்டிலில் வருகிறது, மணிக்கு ஒருதரம் அடிக்கிறார்கள்.

தேஜஸ் என்ற விற்பனைப் பையன் இரண்டு கையையும் விரித்து வரவேற்றான். “மேம், இத காருன்னு சொல்லாதீங்க. இது ஒரு எக்ஸ்பீரியன்ஸ்.”

“கதவு எந்தப் பக்கம் தெறக்கும், எக்ஸ்பீரியன்ஸுக்கு?”

கதவைத் திறந்து காட்டினான். உள்ளே டிவி அளவுக்கு ஒரு திரை. அறுபத்து நான்கு நிறத்தில் விளக்கு. “சத்தமே வராது மேம். சத்தம் வேணும்னா அதுவும் இருக்கு.” திரையைத் தொட்டான். ஸ்பீக்கரிலிருந்து எஞ்சின் உறுமியது. டெஸ்மண்ட் முகம் பிரகாசமானது. தானே தொட்டுப் பார்த்தார். உறுமல். மறுபடி தொட்டார். உறுமல். ஐம்பத்தெட்டு வயது மனிதர், நின்ற இடத்தில் நிற்கும் காரில், டேப்பில் பதிந்த உறுமலுக்கு ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டிருந்தார். குளோரியா ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பின்னாலிருந்த ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை போல. அதன் வயரைப் பின்தொடர்ந்து பார்த்தால், டெஸ்ட் டிரைவ் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“பழைய வண்டிய நாங்களே எடுத்துக்கறோம் மேம். கிரீன் எக்ஸ்சேஞ்ச்.”

“எடுத்து என்ன பண்ணுவீங்க?”

“கோலார், சிந்தாமணி சைடு அனுப்பிடுவோம். அங்க டீசலுக்கு செம டிமாண்ட் மேம். இன்னும் பத்து வருஷம் ஜம்முனு ஓடும்.”

“சிந்தாமணில பிள்ளைங்களுக்கு நுரையீரல் கெடையாதா?”

தேஜஸ் கையிலிருந்த விளம்பரத் தாளைப் பார்த்தான். பிறகு, “கலர் பாக்கலாமா மேம்?” என்றான்.

திரும்பும்போது குளோரியா ஒரு நிபந்தனை சொன்னாள். “கேட்டுக்குங்க. கிளெமென்ட்டுக்காக மாத்த மாட்டேன், ஜெயராமனுக்காக மாத்த மாட்டேன். எமிஷன் டெஸ்ட் பண்றேன், ஒழுங்கா. நிஜமாவே வண்டி புகை தள்ளுதுன்னா நானே குடுத்துடறேன். இல்லன்னா இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது.”

“சத்தியமா?”

“கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு என்னா சொல்லித் தர்றேனோ, அதத்தான் சொல்றேன். அளந்து பார்க்கறது, அளந்தத ஒத்துக்கறது.”

புதன்கிழமை பள்ளி விட்டதும் பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கும் எமிஷன் டெஸ்ட் வேனுக்குப் போனாள். வேனுக்குள் ஒருவர் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. எச்சில் கையை உயர்த்தி, இடது கையால் ஃபோனை நீட்டி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். பிரின்டர் கிறீச்சிட்டது. சீட்டு வந்தது. எண்ணெய்க் கட்டைவிரல் ரேகையோடு.

“ஆயித்து மேடம், முடிஞ்சிது. பாஸ்.”

“நான் இன்னும் எஞ்சினையே ஸ்டார்ட் பண்ணலயே.”

“பேடா மேடம், வேணாம். டீசல் வேஸ்ட்டு.”

“பைப்புல குழாய வச்சி அளக்கணும் இல்ல?”

“குழாயி கிழிஞ்சி போச்சி. தீபாவளிக்கு முன்னாடியே.” அவருக்கு அவள் முகம் புரியவில்லை. “பாஸ்தானே மேடம் போட்டிருக்கேன்? ஃபெயில்னு போட்டிருந்தா சண்டைக்கு வரலாம். எல்லாரும் பாஸு கேட்டு வர்றாங்க, நீங்க என்னா?”

சீட்டில் புகை அளவு இரண்டு தசமம் வரை துல்லியமாக அச்சாகியிருந்தது. அந்த இரண்டு தசமத்தை அவள் மறுபடியும் வாசித்தாள். பொய் சொல்கிறவன் முழு எண்ணாகச் சொன்னால் கூட மன்னிக்கலாம்.

வீட்டில் சீட்டைப் பார்த்து டெஸ்மண்ட் முகம் தொங்கிப்போனது. “பாஸா?”

“பாஸாம்.”

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாதது தனக்கே பிடிக்கவில்லை. புகையைப் பார்க்க வேன் தேவையில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயில் கட்டி, ஆக்ஸிலரேட்டரை மூன்று முறை அழுத்தினால் போதும். அலமாரியில் டெஸ்மண்டின் வெள்ளைக் கைக்குட்டைகள் ஒரு டஜன் இருந்தன. அவள் அலமாரியைத் திறக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். அந்தப் பொய்ச் சீட்டு அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

காரில்லா ஞாயிறு வந்தது.

ஆராதனைக்குப் பிறகு சபையாருக்கு டீ கொடுக்கும் முறை அன்று குளோரியாவுடையது. இரண்டு பெரிய டீ டிரம், நூறு கப், மூன்று அட்டைப்பெட்டி கேக். இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வழக்கம்போல் காரில் வைத்து, வழக்கம்போல் வாசல் வழியாக உள்ளே வந்தாள். பாதுகாப்புக்கு நின்ற கமிட்டிக்காரர்கள் பேயைப் பார்த்ததுபோல் ஓடி வந்தார்கள்.

“சிஸ்டர், இன்னிக்கு கார்...”

“டீ வேணுமா, வேணாமா?”

டீ வேண்டியிருந்தது. காரைச் சண்டே ஸ்கூல் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லி, பந்தல்காரர் விட்டுப்போன நீலத் தார்ப்பாயால் மூடினார்கள். நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்கள். பிணத்தை மூடுகிற மாதிரி.

வாசலில் கிளெமென்ட் நின்று, நடந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கைகொடுத்து வரவேற்க, ஃபோட்டோகிராஃபர் எடுத்துத் தள்ளினார். நடக்காத மனிதர்கள் எல்லாம் நடந்து வந்தார்கள். எல்சன் ரோடு மாடிவீட்டிலிருந்து கேட்டுக்கு வரக்கூட டிரைவர் வைத்திருக்கும் பாலசுப்ரமணியன் டேவிட் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சிறப்புப் பேச்சாளராக வந்த பெரியவர், டெல்லியிலிருந்து காலை விமானத்தில் வந்தவர், அவரும் நடந்து வந்தார். ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை. குளோரியாவுக்கு அது விளங்கியது, பால் போதவில்லை என்று மார்க்கெட் பின்பக்கம் போனபோதுதான். அங்கே இரண்டு தெருவிலும் இருபுறமும் சபையாரின் கார். எல்லாக் கார்களின் பின்கண்ணாடியிலும் வேத வசன ஸ்டிக்கர். ஒரு வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்ற பெரிய வெள்ளை எலெக்ட்ரிக் காரைப் பார்த்துக் கன்னடத்தில் வாயார வாழ்த்திக்கொண்டிருந்தார். கிளெமென்டுடையது. எலெக்ட்ரிக் என்றாலும் கார் கார்தானே.

உள்ளே டீசல் குடும்பங்களை முன்னால் அழைத்தார்கள். ஒன்பது பேர் போனார்கள். ஒன்பதாவது ஆள் டெஸ்மண்ட். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலது கையை உயர்த்தி, ஓட்டத் தெரியாத காரை, தன்னுடையது அல்லாத காரை, விட்டுவிடுவதாகக் குரல் தழுதழுக்க உறுதி சொன்னார். சபை ஆமென் சொன்னது. குளோரியா சொல்லவில்லை. 

கடைசிப் பாட்டில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. வளாகம் கால்மணி நேரத்தில் கணுக்கால் தண்ணீர். நடந்து வந்தவர்கள் எல்லாரும் முகப்பில் நெருக்கியடித்து நின்றார்கள். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. டீ தீர்ந்தது, கேக் தீர்ந்தது, மழை தீரவில்லை.

முதலில் கேட்டது பெட்டி. கிளெமென்டின் மனைவி. “குளோரியா, ஒரு சின்ன ஹெல்ப்பு. மார்க்கெட் பின்னால வரைக்கும் விட்டுடறியா?”

“அங்க என்னா பெட்டி?”

“சும்மாதான். அங்க இருந்து... பாத்துக்குவோம்.”

நீலத் தார்ப்பாய் விலகியது. அதன் பிறகு நிற்க நேரமில்லை. நான்கு நான்கு பேராக ஏறினார்கள். உறுதிமொழி எடுத்தவர்கள், எடுக்க வைத்தவர்கள், ஆமென் சொன்னவர்கள். தங்கள் கார் இருக்கும் இடத்தை யாரும் கார் இருக்கும் இடம் என்று சொல்லவில்லை. “அந்த பேக்கரி கிட்ட,” “அந்த வேப்ப மரத்துக்கிட்ட” என்றார்கள். பாலசுப்ரமணியன் டேவிட் தன் டிரைவரைத் தெரியாதவர் போல் கடந்து போய், குளோரியாவின் கார் திரும்பிப் போகும்வரை பேக்கரியில் பன் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். “அப்பா, என்னா ஸ்மெல்லு. டீசலா?”

“இல்ல பெட்டி. நனைஞ்ச பட்டுப்புடவ.”

ஒன்பது நடை. ஒவ்வொரு நடையும் வாசல் மேட்டில் முதல் கியரில் ஏறி வளாகத்துக்குள் திரும்ப வேண்டும். ஆறாவது நடையில் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வாசல் தெரியவில்லை. கறுப்புப் புகை, மழையிலும் கலையாமல், கெட்டியாக நின்றது. முகப்பில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அந்த இருமல் நடிப்பில்லை. அன்று காலையிலிருந்து அந்த வளாகத்தில் நடந்தவற்றில் நடிப்பில்லாதது அது ஒன்றுதான்.

கடைசி நடையில் கிளெமென்ட் ஏறினார். முன்சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். “சிஸ்டர், கொஞ்சம் வேகமா. ஃபோட்டோகிராஃபர் அங்கதான் நிக்கறான்.” வளாகம் தாண்டியதும் நிமிர்ந்தார். குரலும் நிமிர்ந்தது. “கர்த்தர் எதையும் காரணமில்லாம வச்சிருக்க மாட்டாரு. இந்த வண்டிய குடுத்துடாதீங்க.”

“காலைல உறுதிமொழி எடுக்க வச்சீங்களே, பிரதர்?”

“அது பொதுவா. நான் கமிட்டில பேசறேன். சபையோட எமர்ஜென்சி வாகனம்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். அடுத்த வருஷமும் காரில்லா ஞாயிறு வருது இல்ல? அன்னிக்கு ஒரு கார் வேணுமே.”

அவர் சிரிக்கவில்லை. அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் குளோரியா அலமாரியைத் திறந்தாள். சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்றை எடுத்துப் புகைக்குழாயில் ரப்பர் பேண்டால் கட்டினாள். எஞ்சினை ஓடவிட்டு மூன்று முறை அழுத்தினாள். இறங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு அல்ல, முழுக் கைக்குட்டையும் அடுப்புக்கரி. விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். பதின்மூன்று வருடம் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டியவள், இதைப் பார்க்காமல் இருக்கத் தன்னால் எப்படி முடிந்தது என்று நினைத்தாள். கிளெமென்டின் மேல் இருந்த அருவருப்பில் கொஞ்சத்தைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் துள்ளிக்கொண்டு வந்தார். “குளோரி, கமிட்டில முடிவாயிடுச்சி! எமர்ஜென்சி வாகனம்! கிளெமென்ட்டே ஃபோன் பண்ணாரு. வண்டிய குடுக்க வேணாம். நீ கேட்டதுதானே?”

அவள் கைக்குட்டையை நீட்டினாள்.

“ஐயே, என்னது இது? என் கர்ச்சீஃபா?”

“டெஸ்ட்டு. ஃபெயில்.”

“சீட்டுல பாஸ்னு இருக்கே!”

“அது அவங்க டெஸ்ட்டு. இது என்னுது. புகை தள்ளுச்சின்னா குடுத்துடறேன்னு சொன்னேன் இல்ல?”

“யாருமா கேட்டா உன்ன? இப்ப யாரும் கேக்கலியே!”

“அதான் நல்ல நேரம்.”

“அப்ப அந்த எலெக்ட்ரிக்கு...”

“முதல்ல பஸ்ஸுல போவோம். பிரேக் அடிக்கச் சொல்றதுக்கு அங்க நெறைய பேரு இருப்பாங்க.”

சிந்தாமணிக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, தேவனஹள்ளிப் பக்கம் அரசு அனுமதியோடு வண்டி உடைக்கும் இடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது கியர் அன்று ஒரே தடவையில் விழுந்தது. அங்கே காகிதங்களைச் சரிபார்த்த ஆள், “ஓடற வண்டி மேடம்... யாருக்காவது வித்திருக்கலாமே,” என்றார். அவள் கண்ணாடியில் தொங்கிய மரச் சிலுவையைக் கழற்றிக்கொண்டாள். பின்கண்ணாடி வசன ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. இரும்புக் கை மேலேயிருந்து இறங்கிக் கூரையைப் பிடித்தபோது அவள் திரும்பிக்கொள்ளவில்லை. நின்று பார்த்தாள். பிறகு பஸ் பிடித்தாள். வீடு வர இரண்டரை மணி நேரம். முழுக்க நின்றுகொண்டே.

அடுத்த ஞாயிறு, கிளெமென்ட் வெள்ளை ஜிப்பாவில் மேசைக்குப் பின்னால் நின்றார். காரில்லா ஞாயிறு பெரும் வெற்றி என்றும், படங்கள் தலைமை அலுவலகம் வரை போயிருக்கின்றன என்றும் சொன்னார். உறைகளை எடுத்தார். பிறந்தநாளுக்காக. பரீட்சையில் தேறியதற்காக. ஏழாவது உறை கொஞ்சம் தடிமனாக இருந்தது. தடிமனான உறை என்றால் அவருக்குப் பிடிக்கும். ஓரத்தைக் கிழித்தார். இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார். வெறும் உறை இல்லை என்று திருப்தியானதும், மேலே எழுதியிருந்ததைத் தன் முழுக் குரலில் வாசித்தார்.

“குளோரியா டெஸ்மண்ட் குடும்பத்தார். பதின்மூன்று ஆண்டு உழைத்து, கடந்த செவ்வாய்க்கிழமை உடைக்கப்பட்ட டீசல் காருக்காக. காரில்லா ஞாயிறு அன்று, மார்க்கெட் பின்னால் நிறுத்தியிருந்த தங்கள் கார்கள் வரை அதில் போய்ச் சேர்ந்த கிளெமென்ட் மற்றும்...”

வாசிப்பதில் அவருக்கு இருந்த வேகம் அப்படி. தன் பெயரைத் தாண்டி ஒரு சொல் போன பிறகுதான் நின்றார்.

எட்டாவது வரிசையில் டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். குளோரியா குனியவில்லை.

கிளெமென்ட் விரல்களைப் பார்த்தார். இரண்டும் கரி. உறைக்குள் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எட்டிப் பார்த்தார். விரல்களைத் துடைக்க இடம் தேடினார். மேசை விரிப்பு வெள்ளை. ஜிப்பா வெள்ளை. பக்கத்தில் நின்ற பாஸ்டரின் அங்கியும் வெள்ளை. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைகள் இரண்டையும் இறுக்கிக் கூப்பிக்கொண்டு, “ஜெபம் பண்ணுவோம்,” என்றார்.